வரம்புக்குள் எழுத: தமிழில் சொல்லையும் எழுத்தையும் எண்ணும் முறை

"சனி காலை 10 மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். தவறாமல் வரவும்."

இந்தக் குறுஞ்செய்தியில் 9 சொற்கள் இருக்கின்றன. இடைவெளி, முற்றுப்புள்ளி, எண் எல்லாவற்றையும் சேர்த்துத் தமிழ் எழுத்துக் கணக்கில் 43. கைப்பேசி நிறுவனத்தின் கணக்கில் 65. யூடிஎஃப்-8 என்ற பரவலான குறியாக்கத்தில் கோப்பாகச் சேமித்தால் 171 பைட் (கணினியின் சேமிப்பு அலகு). நான்கு எண்களும் சரியானவை. "100 எழுத்துக்குள் எழுதுக" என்று ஒரு படிவம் கேட்டால், அது எந்த எண்ணைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே எழுத்து, குறி, பைட் மூன்றும் பெரும்பாலும் ஒரே எண்தான். தமிழில் எழுதுபவர்தான் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே எதை எண்ணுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண்ணிட்ட இடம் தரும் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்கு 247 எழுத்துக்கும் 247 இடம் இல்லை. உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய்கள், கிரந்த எழுத்துகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு. கால், கொம்பு, விசிறி, புள்ளி போன்ற துணைக்குறிகளுக்கும் தனி இடம் உண்டு. இப்படி ஓர் இடம் பிடிக்கும் ஒவ்வொன்றையும் ஒரு குறி என்போம். "க" ஒரு குறி. "கா", "கி", "கு", "கை", "க்" ஒவ்வொன்றும் இரண்டு குறி. "க்ஷ" மூன்று. "ஸ்ரீ" நான்கு. கணினி "கேரக்டர்" என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் குறியைத்தான். கீழே "எழுத்து" என்று வருமிடமெல்லாம் நாம் பள்ளியில் படித்த எழுத்து. "கேரக்டர்" என்று வருமிடமெல்லாம் இந்த யூனிகோட் குறி. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கும். எண், இடைவெளி, காற்புள்ளி ஆகியவை 1 பைட்.

ஒரு எழுத்துக்கு ஒரே இடம் என்ற முறையும் உண்டு. டேஸ்-16 என்ற அந்தக் குறியாக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக ஏற்றது. ஆனால் கைப்பேசியும் சமூக ஊடகமும் இயங்குவது யூனிகோடில்தான். உங்கள் எண்ணிக்கையும் அதிலேதான் இருக்க வேண்டும்.

"கொழும்பு" சோதனை

புதிதாக ஒரு எண்ணும் கருவி, படிவம், செயலி கையில் கிடைத்ததும் உள்ளடக்கத்தை ஒட்டுவதற்கு முன் அதில் "கொழும்பு" என்ற ஒரே சொல்லை இடுங்கள். முன்னும் பின்னும் இடைவெளி விடாதீர்கள். பிறகு எண்ணைப் பாருங்கள்.

4 என்றால் அது தமிழ் எழுத்தை எண்ணுகிறது: கொ, ழு, ம், பு. 8 என்றால் யூனிகோட் குறியை எண்ணுகிறது. 24 என்றால் பைட்டை. 9 வந்தால் கருவியில் பிழை இல்லை. உங்கள் "கொ" உடைந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். மீதம் எவ்வளவு என்று மட்டும் காட்டும் படிவமாக இருந்தால், ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கழித்துப் பாருங்கள்.

சொல் எண்ணிக்கைக்கு "தமிழ்நாடு" என்ற சொல்லைப் போடுங்கள். 1 வர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் இலவசச் சொல் எண்ணிகள் சில இதற்கு 4 காட்டும், சில 0 காட்டும். 4 காட்டுபவை உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக மதிக்காமல் சொல்லை அங்கங்கே வெட்டுகின்றன: "தம", "ழ", "ந", "ட" என்று நான்கு துண்டு. 0 காட்டுபவை ஆங்கில எழுத்தை மட்டுமே சொல்லாக ஏற்பவை. இரண்டு வகையையும் அப்படியே மூடிவிடுங்கள். அவற்றில் சரிக்கட்டிக் கணக்கிட வழியே இல்லை, ஏனெனில் ஒவ்வொரு சொல்லும் வேறு வேறு எண்ணிக்கையில் துண்டாகிறது.

எந்தக் கருவியில் எங்கே பார்ப்பது

மைக்ரோசாஃப்ட் வேர்டில் கீழ்ப்பட்டையில் தெரியும் சொல் எண்ணிக்கையைச் சொடுக்கினால், அல்லது கன்ட்ரோல், ஷிப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், முழு விவரப் பெட்டி திறக்கும். அதில் கேரக்டர் இரண்டு வரியாக இருக்கும்: இடைவெளி இல்லாமல், இடைவெளியோடு. வரம்பு விதிக்கும் இடங்கள் பெரும்பாலும் இடைவெளியையும் சேர்த்தே எண்ணுகின்றன. சொல்லாதபோது பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அடியில் அடிக்குறிப்பையும் உரைப்பெட்டியையும் சேர்க்கலாமா என்று ஒரு தேர்வுக்கட்டம் உண்டு. ஆய்வுக் கட்டுரை அனுப்புபவர்கள் இந்த ஒரு கட்டத்தால் நூற்றுக்கணக்கில் மாறுபட்ட எண்ணைப் பெறுவார்கள். இதழின் விதியில் அடிக்குறிப்பு சேருமா சேராதா என்று பார்த்துவிட்டு அதன்படி வையுங்கள்.

கூகுள் டாக்ஸில் கன்ட்ரோல், ஷிப்ட், சி. தட்டச்சு செய்யும்போதே எண்ணிக்கை தெரியுமாறு வைக்கவும் அந்தப் பெட்டியிலேயே வசதி இருக்கிறது. தலைப்பகுதி, அடிப்பகுதி, அடிக்குறிப்பு ஆகியவற்றை அது கணக்கில் கொள்வதில்லை. கைப்பேசிச் செயலியில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் பட்டியலில் சொல் எண்ணிக்கை வரும். லிப்ரே ஆபிஸில் கீழ்ப்பட்டையிலேயே சொல்லும் கேரக்டரும் சேர்ந்து தெரியும்.

எல்லாவற்றிலும் ஒரு பகுதியை மட்டும் தேர்வு செய்தால் அதன் எண்ணிக்கை தனியாகக் கிடைக்கும். தலைப்பு, பெயர், முகவரியைத் தவிர்த்து உடல் பகுதியை மட்டும் எண்ண இதுவே வழி.

வரம்போடு அடிக்கடி மல்லுக்கட்டுபவர்களுக்கு விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் நோட்பேட்++ மிகவும் பயன்படும். அதன் கீழ்ப்பட்டையில் நீளம் என்று காட்டுவது பைட். கேரக்டர் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. வியூ பட்டியலில் உள்ள சம்மரியைத் திறந்தால் கேரக்டர், சொல், வரி, பைட் நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கும். எழுத்து எண்ணிக்கை மட்டும் அதில் இல்லை. அதற்கு ஒரு சின்ன உபாயம்:

தேடல் பெட்டியைத் திறந்து, தேடும் முறையை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று வையுங்கள். தேட வேண்டிய இடத்தில் இதை ஒட்டுங்கள்:

[ா-்]

கால் முதல் புள்ளி வரை யூனிகோடில் வரிசையாக அமைந்த எல்லாத் துணைக்குறிகளையும் இது பிடிக்கும். எழுத்தோடு சேராமல் நிற்பதால் பெட்டிக்குள் புள்ளிவட்டம் தெரியலாம், அது சரிதான். கவுன்ட் பொத்தானை அழுத்துங்கள். வரும் எண்ணை மொத்தக் கேரக்டரிலிருந்து கழித்தால் தமிழ் எழுத்து எண்ணிக்கை. மேலே உள்ள குறுஞ்செய்தியில் மொத்தம் 65, துணைக்குறிகள் 22, மீதி 43. "க்ஷ", "ஸ்ரீ" இரண்டும் இந்த முறையில் இரண்டிரண்டு எழுத்தாக விழும். அவற்றை ஒன்றாகக் கொள்ள வேண்டுமென்றால் வருமிடம் ஒவ்வொன்றுக்கும் 1 குறைத்துக்கொள்ளுங்கள். தட்டச்சுக் கூலியோ குழந்தைகளுக்கான கதையோ எழுத்துக் கணக்கில் பேசப்பட்டால் இந்த எண்தான் நியாயமானது.

கண்ணுக்குத் தெரியாத கூடுதல்கள்

ஒரே பத்தி, இரண்டு பேர் தட்டச்சு செய்தால் இரண்டு எண் வரும். காரணங்கள் சில.

முதலாவது, உடைந்த கொம்பு. "ொ" என்பது யூனிகோடில் ஒரே குறி. சில விசைப்பலகைகளும் பழைய மாற்றிகளும் இதை "ெ" தனியாக, "ா" தனியாக என இரண்டாக இடும். திரையில் ஒரு வேறுபாடும் தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி: "கொ"வுக்குப் பின்னால் சுட்டியை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். "க" மிஞ்சினால் சரி. "கெ" மிஞ்சினால் உடைந்தது. நோட்பேட்++ இல் அதே ரெகுலர் எக்ஸ்பிரஷன் முறையில் [ெ][ா] என்று தேடி "ொ" என்று மாற்றலாம். [ே][ா] என்பதை "ோ" என்றும் மாற்றலாம். "போகிறோம்", "சொன்னோம்" என்று எழுதிக்கொண்டே போகும் மொழியில் ஒரு பக்கத்துக்குப் பல பத்துக் கேரக்டர்கள் இதில் மட்டும் மிச்சமாகும்.

இரண்டாவது, ஔகாரப் பிழை. "கௌரவம்" என்பதில் 6 கேரக்டர், 4 எழுத்து. "ெ" போட்டுப் பக்கத்தில் "ள" போட்டு "கெளரவம்" என்று எழுதினால் 7 கேரக்டர், 5 எழுத்து. இது எண்ணிக்கைக் கோளாறு மட்டுமில்லை, எழுத்துப்பிழை, தேடினாலும் அகப்படாது.

மூன்றாவது, அகலமில்லாக் குறிகள். "ரிக்‌ஷா" என்ற சொல்லில் க்-உம் ஷ-உம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பான் இடுவது வழக்கம். அதோடு 7 கேரக்டர், இல்லாமல் 6. வலைப்பக்கங்களிலிருந்து நகலெடுத்த உரையில் இத்தகையவை தேவையில்லாத இடங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால், அம்புக்குறி விசையால் எழுத்து எழுத்தாக நகருங்கள். சுட்டி ஓரிடத்தில் அசையாமல் ஒரு தட்டு வீணானால் அங்கே ஏதோ இருக்கிறது.

நான்காவது, பழைய எழுத்துருக்கள். பாமினியில் தட்டச்சு செய்து அங்கேயே எண்ணுவது முற்றிலும் வீண். அதில் "கு" ஒரே குறி, யூனிகோடில் இரண்டு. அதில் "கொ" மூன்று, யூனிகோடில் இரண்டு. இன்னும் மோசம், பாமினியில் மெய்ப்புள்ளி உட்கார்ந்திருப்பது ஆங்கில அரைப்புள்ளியின் இடத்தில். நிறுத்தற்குறியில் சொல்லை வெட்டும் கருவி அதில் "தமிழ்நாடு" என்பதை இரண்டு சொல்லாக எண்ணும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு எண்ணுங்கள். மாற்றிய பிறகு உடைந்த கொம்பையும் ஒருமுறை தேடுங்கள்.

குறுஞ்செய்தி: 70, 67

வரம்பு மீறினால் பணமாகவே வலிக்கும் இடம் இதுதான். ஒரு எஸ்எம்எஸ் சுமப்பது 140 பைட். ஆங்கில எழுத்துகளை 7 பிட்டில் அடைத்து 160 கேரக்டர் அனுப்புகிறார்கள். தமிழ்க் குறி ஒன்றுக்கு இங்கே 2 பைட், ஆகவே 70. செய்தி நீண்டு துண்டானால் ஒவ்வொரு துண்டிலும் இணைப்புத் தகவலுக்கு 6 பைட் போய்விடும், மீதம் 67. ஆக 70 வரை ஒரு செய்தி, 71 முதல் 134 வரை இரண்டு, 135 முதல் 201 வரை மூன்று. மொத்தமாக அனுப்பும் சேவைகள் துண்டு ஒன்றுக்குத்தான் கட்டணம் போடுகின்றன.

ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். ரூபாய்க் குறியான ₹, வேர்டு தானாகவே வளைத்துவிடும் மேற்கோள் குறி ஆகியவையும் அதே வேலையைச் செய்யும். 150 கேரக்டர் ஆங்கிலச் செய்தி, ஒரு ₹ சேர்ந்ததும் மூன்று துண்டாகும்.

தமிழ்ச் செய்தியைச் சுருக்குவது எப்படி என்பதற்கு மேலே கண்ட அறிவிப்பின் மூல வடிவத்தைப் பாருங்கள்:

"அன்புள்ள பெற்றோர்களே, நாளை (சனிக்கிழமை) காலை 10 மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடைபெறும். தவறாமல் கலந்துகொள்ளவும்."

13 சொல், 120 கேரக்டர், இரண்டு துண்டு. "அன்புள்ள பெற்றோர்களே," என்பதும் பின்னால் வரும் இடைவெளியும் மட்டும் 22 கேரக்டர். செய்தியே "பெற்றோர் கூட்டம்" என்று சொல்லும்போது விளி தேவையில்லை. "நாளை (சனிக்கிழமை)" என்பதில் ஒன்று போதும். செய்தி தாமதமாகச் சேர்ந்தால் "நாளை" தவறாகிவிடும், "சனி" தவறாகாது. "நடைபெறும்" போனால் 10 மிச்சம். "கலந்துகொள்ளவும்" 15, "வரவும்" 6. இப்படி 120 என்பது 65 ஆகி ஒரே துண்டில் அடங்குகிறது. "மணிக்குப் பள்ளியில்" என்பதன் ஒற்றெழுத்தை நீக்கினால் இன்னும் 2 மிஞ்சும்தான். அதைச் செய்ய வேண்டாம். பள்ளி அனுப்பும் செய்தியில் ஒற்றுப்பிழை இருப்பதைவிட வேறு எதையாவது வெட்டுவது மேல்.

பெயர் செருகும் வார்ப்புரு என்றால் வார்ப்புருவை மட்டும் எண்ணிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. இந்த 65 கேரக்டருக்கு முன்னால் "உமா" என்று சேர்த்தால் இடைவெளியோடு 69; ஒரே துண்டு. "பாலசுப்பிரமணியன்" என்று சேர்த்தால் 82, இரண்டு துண்டு. உங்கள் பட்டியலில் உள்ள மிக நீண்ட பெயரைப் போட்டு எண்ணுங்கள். விரிதாளில் பெயர்களை ஒரு நெடுவரிசையில் வைத்து, பக்கத்தில் நீளம் காட்டும் லென் சூத்திரத்தை இழுத்துவிட்டு இறங்குவரிசையில் அடுக்கினால் அந்தப் பெயர் தலையில் வந்து நிற்கும். இந்தியாவில் வணிகச் செய்திகளின் வார்ப்புருவைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். அனுப்பும் வாசகம் அதோடு பொருந்த வேண்டும். ஒப்புதல் கிடைத்த பிறகு சுருக்க நினைத்தால் மறுபடியும் பதிய வேண்டியதுதான். எண்ணுவதைப் பதிவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எக்ஸ், யூடியூப், விக்கிப்பீடியா

எக்ஸ் தளத்தின் 280 என்பது எடை போட்ட கணக்கு. சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு அங்கே ஒன்றுக்கு 2 எடை. தமிழ்க் குறிகளுக்கு 1. ஆகவே தமிழில் 280 யூனிகோட் குறி எழுதலாம். எண்ணுவதற்கு முன் உடைந்த கொம்பை அந்தத் தளமே சேர்த்துக்கொள்ளும் என்பதால் அந்தக் கவலை அங்கே இல்லை. இணைப்பு எவ்வளவு நீளமானாலும் குறுகியதானாலும் 23. எமோஜி 2. ₹ 2. வட்டப் பொட்டு 2. மூன்று புள்ளியை ஒரே குறியாக இடும் "…" 2 எடை; தனித்தனியாக மூன்று புள்ளி வைத்தால் 3. இணைப்போடு ஒரு பதிவென்றால் உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது, முன்னால் விடும் இடைவெளியும் போக, 256.

யூடியூபில் தலைப்புக்கு 100 கேரக்டர். விளக்கக் குறிப்புக்கு 5000 என்று பலரும் சொல்வார்கள். நிரலாளர்களுக்கான அதன் ஆவணம் அதை 5000 பைட் என்றே குறிக்கிறது. குறி ஒன்றுக்கு 3 பைட் என்றால் தமிழில் கிட்டத்தட்ட 1,666 குறிதான். ஆங்கிலக் குறிப்பு 4,000 கேரக்டர் ஏறிவிட்டதே, தமிழ்க் குறிப்பு 2,000-இலேயே ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதற்கு விடை இது. நீண்ட குறிப்பென்றால் நோட்பேட்++ கீழ்ப்பட்டையின் பைட் எண்ணைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவின் பக்க வரலாற்றில் தெரிவதும் பைட்தான். 9,000 பைட் கட்டுரை என்பது ஏறக்குறைய 3,000 குறி. அதிலும் வார்ப்புரு, மேற்கோள் இணைப்புகள் எல்லாம் அடங்கும். ஆங்கிலக் கட்டுரையின் பைட் எண்ணோடு ஒப்பிட்டு நம்முடையது பெரிது என்று பெருமைப்படுவதில் பொருள் இல்லை.

கோப்புப் பெயரும் இப்படித்தான் காலை வாரும். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையில் பெயருக்கு 255 பைட்; தமிழில் 85 குறி. விண்டோஸில் நன்றாகத் திறந்த, நீண்ட தமிழ்த் தலைப்புள்ள கோப்பு, வழங்கியில் ஏற்றும்போது "பெயர் நீளம்" என்று மறுக்கப்படுவது இதனால்தான்.

படிவம் செய்பவர்களுக்கு

உங்கள் தளத்தில் நீங்களே வரம்பு விதிக்கிறீர்கள் என்றால், எந்த மொழியில் நிரல் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து "கொழும்பு" வேறு வேறு நீளம் காட்டும். பைத்தான் 3-இன் லென் 8 என்னும். ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 8 என்னும். ஆனால் பெரும்பாலான எமோஜிக்கு 2 அல்லது அதற்கு மேல் என்னும். ஸ்விஃப்டின் கவுன்ட் 4. பிஎச்பியின் பழைய நீளச் சார்பு 24, அதன் பன்மொழி வடிவம் 8. ஆரக்கிள் தரவுத்தளத்தில் இயல்பான அமைப்பில் 100 நீளமுள்ள உரைப்புலம் என்பது 100 பைட். தமிழில் 33 குறியோடு நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல்லில் அதே 100 என்பது 100 குறி. உலாவியில் ஒன்று, தரவுத்தளத்தில் ஒன்று என்று வைத்தால், பயனருக்குப் பச்சை விளக்கு காட்டிவிட்டுச் சேமிக்கும்போது வெட்டிவிடுவீர்கள். வெட்டு ஒரு குறியின் பைட்டுகளுக்கு நடுவில் விழுந்தால் கடைசி எழுத்து கேள்விக்குறியாகும்; குறிகளுக்கு நடுவில் விழுந்தால் "கொழும்பு" என்பது "கொழும்ப" என்று நிற்கும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனெனில் பிழை என்றே யாருக்கும் தெரியாது.

வரிமுறிவும் ஒரு பொறி. உலாவியின் உரைப்பெட்டி ஒரு வரிமுறிவை 1 என எண்ணும். அனுப்பும்போது அது 2 குறியாகப் போகும். பத்துப் பத்தி எழுதியவரின் உரை வழங்கியில் குறைந்தது ஒன்பது குறி நீண்டிருக்கும். பயனராக இருக்கும்போது இதற்குத் தற்காப்பு: வரம்பின் விளிம்பு வரை நிரப்பாமல், பத்தி எண்ணிக்கை அளவுக்காவது இடம் விட்டு நிறுத்துவது.

சொல் வரம்பு

கேரக்டர் வரம்பில் விடை ஒன்றுதான், கருவிதான் வேறு. சொல் வரம்பில் தமிழ் மொழியே நெகிழ்கிறது. கணினி இடைவெளியைத்தான் பார்க்கும். "வந்துகொண்டிருந்தான்" ஒன்று. "வந்து கொண்டு இருந்தான்" மூன்று. "செய்யவேண்டும்" ஒன்று, "செய்ய வேண்டும்" இரண்டு. "உ.வே.சா." ஒன்று, "உ. வே. சா." மூன்று. "ரூ.500" ஒன்று, "ரூ. 500" இரண்டு. முற்றுப்புள்ளிக்கு முன் இடைவெளி விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேர்டில் அந்தத் தனிப்புள்ளியும் ஒரு சொல்லாகச் சேரும். இருபுறமும் இடைவெளி விட்ட கோடும் அப்படியே. 60 வாக்கியமுள்ள கதையில் இந்தப் பழக்கத்தால் மட்டும் 60 சொல் கூடும். இரட்டை இடைவெளி சொல்லைக் கூட்டாது, இடைவெளியோடு எண்ணும் கேரக்டரைக் கூட்டும்.

இதைப் பயன்படுத்தி வரம்புக்குள் நுழைய முயல்பவர்கள் உண்டு: 540 சொல் வந்துவிட்டதா, இடைவெளிகளைத் தட்டி ஒட்டிவிடு. அனுபவமுள்ள ஆசிரியர் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார். துணைவினையைச் சேர்த்து எழுதுவது உங்கள் வழக்கமென்றால் முழுவதும் சேர்த்தே எழுதுங்கள். பிரிப்பது வழக்கமென்றால் முழுவதும் பிரித்தே. இதழுக்கென நடைக்கையேடு இருந்தால் அதன்படி திருத்திவிட்டுப் பிறகு எண்ணுங்கள். திருத்தும் வேலையே எண்ணிக்கையை மாற்றும் என்பதால் வரிசை முக்கியம்: முதலில் மெய்ப்பு, பிறகு எண்ணிக்கை, பிறகு வெட்டு, மறுபடி எண்ணிக்கை.

வேர்டின் தானியங்கி எண் பட்டியல் இன்னொரு மறைமுகக் காரணம். 1, 2, 3 என்று அது தானாக இடும் எண்கள் சொல் கணக்கில் வருவதில்லை. அதையே மின்னஞ்சலிலோ வெற்று உரையிலோ ஒட்டினால் எண்கள் உண்மையான உரையாகிவிடும்; பெறுபவர் கணக்கில் சில சொல் கூடும். இறுதி எண்ணிக்கையை நீங்கள் அனுப்பப் போகும் வடிவத்திலேயே எடுங்கள்.

வெட்டும்போது எந்த வரம்பு என்பதைப் பார்த்து வெட்டுங்கள். சொல் வரம்பென்றால் "நடைபெற்று வருகிறது" என்பதை "நடக்கிறது" ஆக்கினால் ஒரு சொல் மிச்சம். "என்பது குறிப்பிடத்தக்கது" போன்ற வாலை எடுத்தால் இரண்டு. "பேருந்து" என்பதை "பஸ்" ஆக்குவதில் சொல் வரம்புக்குப் பயனே இல்லை. கேரக்டர் வரம்பிலோ அது 8-இலிருந்து 3 ஆகும். "நடைபெற்று வருகிறது" 18-இலிருந்து 9 ஆகும். தமிழில் கேரக்டரைத் தின்பவை புள்ளியும் கொம்பும் நிறைந்த கூட்டு வினைகளே. பெயர்ச்சொற்களைத் தொடுவதற்கு முன் வினைகளைப் பாருங்கள்.

அரசு விண்ணப்பங்களில் சொல் வரம்பு எவ்வளவு கறாரானது என்பதை விதியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் 2012 தகவல் அறியும் உரிமை விதிகள், விண்ணப்பம் சாதாரணமாக 500 சொற்களுக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. முகவரிகள் அடங்கிய இணைப்பு அதில் சேராது. 500-ஐத் தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே அங்கே 510 வந்தால் பதற்றம் வேண்டாம். சிறுகதைப் போட்டியில் 510 வந்தால் கதையே படிக்கப்படாமல் போகலாம். போட்டிக்கு அனுப்புவதென்றால் 500-க்கு 480-இல் நிறுத்துவது நல்லது. நடுவரின் கருவி உங்கள் கருவியைவிடச் சில சொல் கூட எண்ணினாலும் உள்ளேயே இருப்பீர்கள்.

காகிதத்தில் எழுதும்போது

குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதுபவருக்கும் வரம்பு அதேதான்: பொது அறிவுத் தாள்களில் 10 மதிப்பெண் கேள்விக்கு 150 சொல், 15 மதிப்பெண்ணுக்கு 250. கட்டுரைத் தாளில் ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200. தேர்வறையில் சொல்லை எண்ணிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. வரியைத்தான் எண்ண வேண்டும்.

வீட்டில் விடைத்தாளின் அகலமுள்ள கோடிட்ட தாளில், தேர்வில் எழுதும் வேகத்திலேயே இரண்டு பக்கம் எழுதுங்கள். மெதுவாக எழுதினால் எழுத்து சிறுத்து எண்ணிக்கை பொய்யாகும். பத்தி தொடங்கும் வரியும் முடியும் வரியும் இல்லாத பத்து வரிகளை நடுவிலிருந்து எடுத்துச் சொற்களை எண்ணிப் பத்தால் வகுங்கள். வரிக்கு 6 வந்தால் 150 சொல்லுக்கு 25 வரி, 250 சொல்லுக்கு 42 வரி. பத்தி முடிவுகளில் பாதி வரி வீணாவதால் 250-க்கு 45 வரி வரை போகலாம். வரிக்கு 5 என்றால் அதே 250-க்கு 50 வரி. பிறகு விடைத்தாளில் ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி விழுகிறது என்று பார்த்து, இந்த எண்ணைப் பக்கமாக மாற்றி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம், பொருளாதாரம் போன்ற பாடங்களில் கலைச்சொற்கள் நீளமானவை. வரிக்குச் சொல் குறையும். ஆகவே அளவெடுப்பை ஒரே பாடத்தில் செய்யாமல் வரலாற்று விடை ஒன்று, அரசியலமைப்பு விடை ஒன்று என இரண்டிலும் செய்து, குறைந்த எண்ணையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.